அபராதத் தொகை எல்லோருக்கும் ஒன்றுதானே?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களோடு வேலை பார்ப்பவரின் காரை நகராட்சி இழுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்று நாளாக அவர் வேலைக்கு வரவில்லை. அமெரிக்க நகரங்களில் பார்க்கிங் டிக்கெட்டும் (தவறாக நிறுத்தியதற்கு எழுதும் அபராதச் சீட்டு) வண்டியை இழுப்பதும் ஏழைகளை நசுக்குகின்றன என்று யாரோ சொல்ல, உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது: அபராதம் பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே தொகைதானே, ஒழுங்காக நிறுத்தினால் ஒரு காசும் கட்ட வேண்டாமே, இதில் ஏழைக்கு மட்டும் என்ன சுமை? நியாயமான சந்தேகம்தான். ஆனால் இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஏழைக்கு டிக்கெட் அதிகம் விழுகிறதா என்பது ஒன்று. விழுந்த டிக்கெட் அவர் கையில் ஏன் வளர்கிறது என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் விவாதத்துக்கு இடம் இருக்கிறது. இரண்டாவதில் கிட்டத்தட்ட இல்லை. அதனால் இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. பதினான்கு வருடமாக ஓர் இலவசச் சட்ட உதவி மையத்தில் கடன் ஆலோசகராக இருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் ஆட்கள் என் மேஜைக்குத்தான் வருவார்கள். அவர்கள் கொண்டுவரும் காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி, யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தக் கெடு தாண்டிவிட்டது, எதை இன்னும் தடுக்கலாம் என்று பார்ப்பது என் வேலை. பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பையில் மொத்தமாகப் போட்டுக் கொண்டுவருவார்கள். பாதி உறைகள் பிரிக்கப்படாமலே இருக்கும். ஆரம்பத்தில் அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், கடிதத்தைப் பிரித்தாவது பார்க்கக் கூடாதா என்று. அப்புறம்தான் புரிந்தது. கட்டப் பணம் இல்லை என்பது உறுதியாகத் தெரிந்தவருக்கு, உறைக்குள் இருக்கும் தொகை ஒரு செய்தியே இல்லை. ஆனால் அந்த உறைக்குள்தான் கெடு தேதி இருக்கிறது. தொகையைத் தீர்மானிப்பதும் அந்தத் தேதிதான்.

சிகாகோவை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அந்த நகரத்தின் டிக்கெட் கணக்குகளை 2018-ல் புரோபப்ளிக்கா இல்லினாய், டபிள்யூபிஇஇசட் வானொலி ஆகியவற்றின் செய்தியாளர்கள் அலசி எடுத்து வெளியிட்டார்கள், அதனால் அங்கே ஊகத்துக்கு அதிகம் வேலை இல்லை. சிகாகோவில் கார் வைத்திருப்பவர் நகராட்சி ஸ்டிக்கர் ஒன்றை வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். அப்போது சாதாரணக் காருக்கு அது நூறு டாலருக்குள்தான். ஒட்டாமல் நிறுத்தியிருந்தால் 120 டாலர் டிக்கெட். 2012-ல் அதை 200 டாலராக ஏற்றினார்கள். அந்த 200 டாலரைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் 400 ஆனது. அதற்கும் மேல் இழுத்தடித்தால் வசூல் கட்டணம் என்று 22 சதவீதம் சேர்ந்து 488 டாலர். இப்போது இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் செய்த தவறு ஒன்றுதான், ஸ்டிக்கர் ஒட்டவில்லை. ஒருவர் அன்று ராத்திரியே போனை எடுத்து 200 டாலர் கட்டி, ஸ்டிக்கரையும் வாங்கிவிட்டு அதை மறந்துவிடுகிறார். மற்றவர் 488 டாலர் கட்ட வேண்டியவர் ஆகிறார். மணிக்கு 15 டாலர் வாங்குகிறவருக்கு அது வரி பிடிப்பதற்கு முன்பே 32 மணி நேரத்துக்கு மேலான உழைப்பு. இதற்குள் அவரிடம் ஸ்டிக்கர் வாங்கவும் காசு இருந்திருக்காது, அதனால் அடுத்தடுத்த நாட்களிலும் அதே காரில் அதே டிக்கெட் விழலாம்.

ஆக, 'ஒரே தொகை' என்பது முதல் சில வாரங்களுக்கு மட்டும் உண்மை. அதற்குப் பிறகு தொகை எவ்வளவு என்பது நீங்கள் செய்த தவறைப் பொறுத்தது இல்லை, உங்கள் கையில் எப்போது பணம் வருகிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2013 முதல் ஆண்டுதோறும் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டுவருகிறது: திடீரென்று 400 டாலர் செலவு வந்தால் கையிருப்பிலிருந்து சமாளிப்பீர்களா? 2023-ல் சமாளிப்போம் என்றவர்கள் 63 சதவீதம். மீதி 37 சதவீதம் பேர் கடன் வாங்கவோ, எதையாவது விற்கவோ, கட்டாமலே விடவோ வேண்டியவர்கள். இரட்டிப்பான ஸ்டிக்கர் டிக்கெட்டும் சரியாக அந்த 400-ல்தான் வந்து நின்றது.

டிக்கெட் இதோடு நின்றால்கூட அது ஒரு கடன், அவ்வளவுதான். வண்டியின் மேல் கை வைக்கும்போதுதான் நிலைமை வேறு மாதிரி ஆகிறது. சிகாகோவில் இறுதியான (இனி எதிர்த்து வாதாட முடியாத) டிக்கெட் மூன்று சேர்ந்தாலோ, ஒரு வருடத்துக்கு மேல் பழைய டிக்கெட் இரண்டு இருந்தாலோ சக்கரத்தில் மஞ்சள் பூட்டு மாட்டலாம். 24 மணி நேரத்துக்குள் பாக்கிக்கு வழி செய்து பூட்டை எடுக்காவிட்டால் டோ லாரி வந்து தூக்கிவிடும். நியூயார்க்கில் கணக்கு வேறு. தீர்ப்பான நிலுவை 350 டாலரைத் தாண்டினால் பூட்டு. கலிபோர்னியாவில் ஐந்து டிக்கெட் கட்டாமல் இருந்தாலோ, பதிவு ஆறு மாதத்துக்கு மேல் காலாவதியாகி இருந்தாலோ, பொதுத் தெருவில் 72 மணி நேரம் நகராமல் நின்றிருந்தாலோ இழுக்கலாம் என்று வாகனச் சட்டம் சொல்கிறது. இந்த மூன்றில் எதுவும் யாரையும் இடிக்கவில்லை, வழியை மறிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கலிபோர்னியாவின் சட்ட உதவி அமைப்புகள் சேர்ந்து 2019-ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. அதன்படி அங்கே இழுவைக் கட்டணம் சராசரியாக 189 டாலர், நிர்வாகக் கட்டணம் 150, கிடங்கு வாடகை நாளொன்றுக்கு 53. மூன்றாவது நாளே கிட்டத்தட்ட 500 டாலர், ஐந்தாவது நாள் 600-க்கு மேல். பழைய டிக்கெட் பாக்கி இதில் சேரவில்லை, அதையும் தீர்த்தால்தான் வண்டி வெளியே வரும்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஊரைச் சொல்ல வேண்டாம். போன குளிர்காலத்தில் ஒரு அம்மா வந்தார். வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, படுக்கையை மாற்றிவிட்டு வருகிற வேலை. ஒரு நாளைக்கு நான்கு வீடு, நான்கும் நான்கு திசை. பஸ்ஸில் போனால் இரண்டு வீட்டுக்கு மேல் முடியாது. அவர் காரை இழுத்துவிட்டார்கள். மறுநாளே 300 டாலரை உறையில் போட்டுக்கொண்டு, இழுத்த வண்டிகளை வைக்கும் யார்டுக்குப் போயிருக்கிறார். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் சொன்ன தொகை 640. பாதியை வாங்கிக்கொண்டு மீதிக்கு எழுதிக்கொள்ளும் பேச்சே இல்லை, முழுசாகத் தந்தால்தான் சாவி. சம்பளத்துக்கு ஆறு நாள் இருந்தது. நாளுக்கு 45 டாலர் கிடங்கு வாடகை. சம்பளம் கைக்கு வந்த அன்று தொகை 910. அந்த ஆறு நாளும் பாதி வேலைதான் செய்ய முடிந்தது என்பதால் சம்பளமும் குறைந்தே வந்தது. அவர் என் மேஜையில் உட்கார்ந்து முதலில் கேட்டது காரைப் பற்றி இல்லை. "பின் சீட்டில் குழந்தை சீட் இருக்கிறது, அதை மட்டுமாவது எடுத்துக்கொள்ள விடுவார்களா?" என்றுதான் கேட்டார்.

அந்தக் காரை விற்றால் ஆயிரத்து ஐந்நூறு டாலர் தேறியிருக்கும். இந்த மாதிரி வண்டிகளில் ஒரு கட்டத்தில் கட்டணம் வண்டியின் விலையைத் தாண்டிவிடும். அப்போது மீட்பதில் அர்த்தம் இல்லை என்று ஆட்கள் விட்டுவிடுகிறார்கள், வண்டி ஏலத்துக்கோ பழைய இரும்புக்கோ போகிறது. மேலே சொன்ன கலிபோர்னியா அறிக்கையில் என் அனுபவத்தோடு நன்றாகப் பொருந்திய விஷயம் இது: பாக்கிக்காகவும் பதிவுக்காகவும் 72 மணி நேர விதிக்காகவும் இழுக்கப்பட்ட வண்டிகள், மற்ற காரணங்களுக்காக இழுக்கப்பட்டவற்றைவிடப் பல மடங்கு அதிகமாக விற்கப்பட்டன. அதாவது உரிமையாளர் வந்து மீட்கவில்லை. சிகாகோவில் இன்னும் கொடுமை. வண்டியை ஒப்பந்தக்காரருக்குப் பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள், அந்தப் பணத்தை உரிமையாளரின் பாக்கியில் கழிக்கவும் இல்லை. கார் போய்விட்டது, கடன் அப்படியே இருக்கிறது. வங்கிக்காரர் அடகு நகையை விற்றால்கூட அந்தத் தொகையைக் கடனில் வரவு வைக்கிறார். இங்கே அதுகூட இல்லை. பதினான்கு வருடத்தில் எத்தனையோ விதிகளைப் படித்து ஏதோ ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன். இந்த ஒன்றுக்கு என்னால் முடிந்ததே இல்லை.

இதோடு லைசென்ஸும் போகும். இல்லினாய் மாநிலத்தில் பத்து பார்க்கிங் டிக்கெட் கட்டாமல் இருந்தால் ஓட்டுநர் உரிமத்தையே நிறுத்திவைத்தார்கள், வண்டி ஓட்டும் திறமைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல். அதனால்தான் சிகாகோவில் ஒரு விசித்திரம் நடந்தது. காரையும் லைசென்ஸையும் திரும்பப் பெற ஆட்கள் திவால் நீதிமன்றத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். நகராட்சிக்கான பாக்கியைச் சேர்த்துத் திவால் மனு போட்டவர்கள் 2007-ல் சுமார் ஆயிரம் பேர், பாக்கியும் பெரும்பாலும் 1,500 டாலர் அளவில்தான். 2017-ல் அப்படிப்பட்ட வழக்குகள் பத்தாயிரத்தைத் தாண்டின, பாக்கியும் 3,900 டாலர் அளவுக்கு ஏறியிருந்தது. 13-ஆம் பிரிவுத் திவால் என்பது மூன்று முதல் ஐந்து வருடம் மாதத் தவணை கட்டும் ஏற்பாடு. தவணைகள் தவறினால் ஏற்பாடு கலைந்து, பழைய கடன் மறுபடி எழுந்து நிற்கலாம். பிறகு நகராட்சி, மனு போட்டாலும் வண்டியைத் தர மாட்டோம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 ஜனவரியில், ஏற்கெனவே கையில் இருக்கும் வண்டியைத் தராமல் வைத்திருப்பது மட்டுமே, மனு போட்டதும் வசூலை நிறுத்திவைக்கும் திவால் சட்டத்தின் தடையை மீறியதாகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிபதி சோனியா சோட்டோமேயர் முடிவோடு உடன்பட்டாலும், கார் இல்லாதவர் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கடனை அடைப்பது எவ்வளவு கடினம் என்று தனியே எழுதினார். நான் பதினான்கு வருடமாக என் மேஜையில் பார்ப்பதும் அதைத்தான்.

தெருவில் நிறுத்திய கார் ஒருவரைச் சிறைவரை கொண்டுபோகலாம் என்றால் நம்ப மாட்டீர்கள். மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரைப் பற்றி அமெரிக்க நீதித்துறை 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கறுப்பினப் பெண்ணின் கதை வருகிறது. 2007-ல் ஒரு முறை காரைத் தவறாக நிறுத்தினார். இரண்டு டிக்கெட், 151 டாலரும் கட்டணங்களும். அவர் சில காலம் வீடில்லாமல் இருந்தவர். தவணையும் நீதிமன்றத் தேதியும் தவறத் தவற ஏழு முறை 'ஆஜராகவில்லை' என்ற குற்றம் சேர்ந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடியாணை, ஒரு புதிய அபராதம். ஏழு வருடத்தில் இரண்டு முறை கைதாகி, ஆறு நாள் சிறையில் இருந்து, 550 டாலர் கட்டினார். நடுவில் 25 டாலர், 50 டாலர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டப் பார்த்தபோது, முழுத் தொகை இல்லை என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 2014 டிசம்பரில் அவர் இன்னும் 541 டாலர் பாக்கி. கட்ட முடியாதவரை, ஏன் முடியவில்லை என்று விசாரிக்காமல் சிறையில் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1983-லேயே சொல்லிவிட்டது. ஆனால் பிடியாணை 'ஆஜராகாததற்கு' என்று எழுதிவிட்டால், காகிதத்தில் அது பணத்துக்கான சிறை இல்லை.

சரி, இப்போது தள்ளிவைத்த கேள்விக்கு வருகிறேன். ஏழைகள் வாழும் பகுதிகளில் டிக்கெட்டே அதிகம் விழுகிறதா? சிகாகோ கணக்கில் ஒரு விவரம் இருக்கிறது, இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். வயதுவந்தவர் ஒருவருக்கு எவ்வளவு டிக்கெட் கடன் என்று பார்த்தால், முதல் பத்து அஞ்சல் வட்டாரங்களில் எட்டு, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்பவை. நகரம் முழுவதும் எழுதப்பட்ட டிக்கெட்டுகளில் அவற்றின் பங்கு 22 சதவீதம். கடனில் 40 சதவீதம். டிக்கெட் எழுதும்போது இருந்த இடைவெளியைவிட, எழுதிய பிறகு உண்டாகும் இடைவெளி மிகப் பெரிது என்பது இதிலிருந்து தெளிவு. டிக்கெட் எழுதுபவர் மனதில் பாகுபாடு இருக்கிறதா என்று சண்டை போடுவதற்கு முன்பே, பாதிக் காரியம் கட்டண அட்டவணையால் நடந்து முடிந்துவிடுகிறது.

எழுதும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதில் உறுதியான பாதியும் உண்டு, சர்ச்சைக்குரிய பாதியும் உண்டு. சொந்த கராஜ் இல்லாத அடுக்குமாடியில் இருப்பவர் தெருவில்தான் நிறுத்த வேண்டும், தெரு சுத்தம் செய்யும் நாள், பனி அகற்றும் நாள் என்று எல்லா விதியும் அவர் மேல்தான் விழும். கராஜ் உள்ளவருக்கு அந்த விதிகள் இருப்பதே தெரியாது. இரவு வேலை முடிந்து காலை ஏழு மணிக்குப் படுப்பவர், எட்டு மணிக்கு வண்டியை எதிர்ப்பக்கம் மாற்ற எழுந்திருக்க வேண்டும். பழைய கார் புகைப் பரிசோதனையில் தோற்றால் பதிவு புதுப்பிக்க முடியாது, பதிவு இல்லாவிட்டால் நிறுத்திய இடத்திலேயே டிக்கெட். இவை எல்லாம் நான் அன்றாடம் பார்ப்பவை, யாரும் மறுப்பதில்லை. ஆனால் அதிகாரிகள் வேண்டுமென்றே சில பகுதிகளைக் குறிவைக்கிறார்களா என்பது அப்படி ஒற்றை வரியில் சொல்லக்கூடியது இல்லை. ஒரு பகுதியில் ரோந்து அதிகம் இருப்பதற்கு அங்கிருந்து வரும் புகார், அங்குள்ள கடைத்தெரு, பழைய பணிப்பட்டியல் என்று பல காரணங்கள் பின்னிக்கிடக்கும். ஃபெர்குசன் அறிக்கை மாதிரி உள் மின்னஞ்சல்கள் வரை தோண்டிப் பார்த்தால்தான் நோக்கம் தெரியும். எண்ணிக்கையை மட்டும் வைத்து அதை நான் சொல்ல மாட்டேன்.

'ஒழுங்காக நிறுத்தினால் போதுமே' என்ற உங்கள் வாதத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. தீயணைப்புக் குழாயை மறித்தால் இழுக்க வேண்டும். சக்கர நாற்காலிக்காரரின் இடத்தில் நின்றால் இழுக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வழியில் நிற்கும் காருக்கு நான் ஒரு நிமிடமும் பரிந்து பேச மாட்டேன், அது யாருடைய காராக இருந்தாலும் சரி. அபராதம் வேலை செய்யும் என்பதற்கும் நல்ல சாட்சி இருக்கிறது. நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் தூதர்கள் 1997 கடைசியிலிருந்து 2002 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகளைக் கட்டாமல் விட்டார்கள், தொகை ஒரு கோடியே எண்பது லட்சம் டாலருக்கு மேல். 2002 கடைசியில், பாக்கி வைத்தால் அந்த வண்டியின் தூதரக நம்பர் பலகையைப் பறிக்கலாம் என்று வந்ததும் டிக்கெட்டுகள் ஏறத்தாழ மறைந்தே போயின. கட்ட முடிந்தும் கட்டாதவரிடம் கண்டிப்பு உடனே பலிக்கிறது. கட்ட முடியாதவரிடம் அதே கண்டிப்பைக் காட்டினால் வருவது பணம் இல்லை, வட்டியோடு ஏறும் ஒரு எண். சிகாகோவில் ஸ்டிக்கர் அபராதத்தை ஏற்றியபோது ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் கூடுதலாக வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்ததைவிட வசூலாகாத கடன்தான் பல கோடியாகக் குவிந்தது.

ஒழுக்கம் எல்லோருக்கும் ஒன்று என்றால், தள்ளுபடியும் ஒன்றாக இருக்க வேண்டும். நியூயார்க்கில் 2004 முதல் ஒரு ஏற்பாடு இருந்தது. பெரிய சரக்கு விநியோக நிறுவனங்கள், டிக்கெட்டை எதிர்த்து வாதாட மாட்டோம் என்று ஒப்புக்கொண்டால் தொகையை முன்கூட்டியே குறைத்துவிடுவார்கள், சில வகை மீறல்களுக்கு ஒன்றுமே கட்ட வேண்டாம். அதற்கு நிர்வாகக் காரணம் இருந்தது, விசாரணைச் செலவு மிச்சம் என்றார்கள். நான் அந்தக் காரணத்தைப் பொய் என்று சொல்லவில்லை. நாள் முழுக்க இரட்டை வரிசையில் நிறுத்தும் நிறுவனத்துக்குத் தொகை குறையும்போது, ஒரு முறை தவறவிட்ட வீட்டுப் பணியாளருக்கு ஏறுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

நீதிமன்றங்கள் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்க ஆரம்பித்திருக்கின்றன. அளவு மீறிய அபராதம் கூடாது என்ற அரசியல் சாசன விதி மாநிலங்களையும் நகராட்சிகளையும் கட்டுப்படுத்தும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் வழக்கில், மீட்டர் நேரம் தாண்டியதற்கு 63 டாலர் அபராதம் சரிதான், ஆனால் தாமதத்துக்கு இன்னொரு 63 டாலர் ஏன் என்பதை நகராட்சி விளக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. சியாட்டில் வழக்கு என்னை அதிகம் பாதித்தது. டிரக்கிலேயே குடியிருந்த ஒரு கைவேலைத் தொழிலாளி, வண்டி பழுதாகி நின்றதால் 72 மணி நேர விதியில் மாட்டினார். தொழில் கருவிகளும் துணிமணியும் உள்ளேயே இருக்க வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். 500 டாலருக்கு மேலான தொகையை மாதம் 50 டாலராகக் கட்டச் சொன்னார்கள். அவருடைய வருமானத்தையும் நிலைமையையும் பார்த்து, இது அளவு மீறிய அபராதம் என்று வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. 2023-ல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, சட்டப்படி பாதுகாப்பாக நிற்கும் காரை டிக்கெட் பாக்கிக்காக மட்டும் வாரண்ட் இல்லாமல் இழுக்க சான் பிரான்சிஸ்கோ நகராட்சிக்கு இடமில்லை என்றது. பாதுகாப்புக்காக இழுப்பது வேறு, கடன் வசூலுக்காக இழுப்பது வேறு என்று நாங்கள் வருடக்கணக்காகச் சொல்லிவந்ததை அந்தத் தீர்ப்பு சட்டத்தின் மொழியில் சொன்னது. ஆனால் ஒரு மாநில நீதிமன்றத்தின் தீர்ப்பு பக்கத்து மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது. உங்கள் ஊரில் இது செல்லுபடியாகும் என்று நினைத்துவிடாதீர்கள்.

மாற்றங்களும் வந்திருக்கின்றன. சிகாகோ 2019-ல் ஸ்டிக்கர் டிக்கெட்டின் தாமதக் கட்டணத்தைக் குறைத்தது, தவணை விதிகளைத் தளர்த்தியது. இல்லினாய் 2020-ல் பார்க்கிங் பாக்கிக்காக லைசென்ஸை நிறுத்துவதைக் கைவிட்டது, ஐம்பதாயிரம் பேருக்கு மேல் உரிமம் திரும்பியது. கலிபோர்னியா 2017-ல் கொண்டுவந்த சட்டப்படி, வருமானம் குறைந்தவருக்கு மாதம் 25 டாலர் அளவில் தவணை தராமல் பதிவை முடக்கக் கூடாது. சான் பிரான்சிஸ்கோ இழுவைக் கட்டணத்தில் வருமானத்தைப் பார்த்துத் தள்ளுபடி தருகிறது. பின்லாந்தில் 1921 முதல் இருப்பது மாதிரி வருமானத்துக்கு ஏற்ற அபராதம் வைக்கலாமே என்று பலர் கேட்பார்கள். நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் 1988-ல் சிறு குற்றங்களுக்கு அதைச் சோதித்தும் பார்த்தார்கள். ஆனால் பின்லாந்தில்கூட அது பார்க்கிங்குக்கு இல்லை. லட்சக்கணக்கான சிறு டிக்கெட்டுக்கு ஒவ்வொருவர் வருமானத்தையும் சரிபார்ப்பது பெரிய வேலை, அதைவிட எளிய வழி இருக்கிறது என்பது என் கருத்து: தாமதக் கட்டணத்துக்கு உச்சவரம்பு, பாக்கிக்காக வண்டியைத் தொடாமல் இருப்பது, கையில் இருப்பதைக் கட்ட வந்தவரிடம் வாங்கிக்கொள்வது. இதனால் ஒழுங்கு குலைந்து கண்டபடி நிறுத்துவார்களா என்று கேட்டால், எல்லா ஊருக்கும் பொருந்தும் பதில் இல்லை. நான் பார்த்தவரை, தவணை கிடைத்தவர்கள் கட்டுகிறார்கள்.

இனி உங்கள் நண்பருக்கு. வண்டி வெளியே வரும்வரை வாடகை ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். எந்த விதியின் கீழ் இழுத்தார்கள் என்று யார்டிடமும் நகராட்சியிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள், இரண்டும் ஒத்துப்போகாத சம்பவங்களைப் பார்த்திருக்கிறேன். இழுத்தது சரியா என்று விசாரணை கேட்கும் உரிமை அனேகமாக எல்லா ஊரிலும் உண்டு, கெடு சில நாட்கள்தான். முதலில் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துவிட்டுப் பிறகு விசாரணை கேட்கலாமா என்பதையும் அப்போதே கேட்கட்டும், பல இடங்களில் கேட்கலாம், ஜெயித்தால் பணம் திரும்பும். குறைந்த வருமானத் தள்ளுபடியோ தவணையோ இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்காதவருக்கு அவர்களாகச் சொல்வது அபூர்வம். சம்பளச் சீட்டையும், உணவு உதவி அட்டை இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோகட்டும். வண்டிக்குள் இருக்கும் மருந்து, கருவி, குழந்தை சீட் போன்றவற்றைக் கட்டணம் கட்டாமலே எடுக்க அனுமதிக்கும் ஊர்கள் நிறைய இருக்கின்றன, மறுத்தால் எந்த விதிப்படி என்று கேட்கச் சொல்லுங்கள். திவால் மனு போட்டால் உடனே கார் வரும் என்று யாராவது விளம்பரம் காட்டினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஓர் இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு முறை கேட்டுவிடட்டும். அப்புறம் வீட்டில் பிரிக்காத உறைகள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அங்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். பிரித்து அடுக்குவதை அங்கே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.